ஷிரோவின் பிஷப் பலி: சனிக்கிழமை முழித்த எஞ்சின் ஞாயிற்றுக்கிழமை ரெண்டே நொடியில் சொன்னது எப்படி?

வேலந்தாவளம்_குதிரை கேட்டது:

கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது வேலந்தாவளம் பக்கம், செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள். ஞாயிறு காலையில் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாசகசாலை மாடியில் பதினாலு பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறோம், நானும் ஒரு மாஷும் (மலையாள வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடுகிறோம்). பாதிப் பேர் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். இதனால் வரும் கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தமிழில் மூலையில் நிற்பது யானை. மாஷுக்கு அது தேர். அவர் ‘ஆன’ என்றால் பிஷப். நான் பிஷப்பை மந்திரி என்று சொல்லி வளர்ந்தவன், அவருக்கு மந்திரி என்றால் ராணி. ஒரு தடவை நான் “மந்திரி போனால் போகட்டும், நீ கொடு” என்று தைரியம் சொல்லப்போய், ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் பிஷப் என்றால் பிஷப்தான், மந்திரி என்கிற சொல்லுக்கே தடை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேண்டுமென்றே காயைக் கொடுத்து மனிதன் ஜெயித்த பெரிய பலி ஆட்டங்களை எஞ்சினிடம், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலிடம், கொடுத்தால் கண்டுபிடிக்குமா என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். முதலில் எடுத்தது 1998 லினாரெஸ் போட்டியில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் கறுப்புக் காயில் ஆடியது. ஆட்டம் முடியும் கட்டம், பலகையில் மொத்தம் 10 காய்தான் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை). வெள்ளை: ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய் ஜி2, எச்4. கறுப்பு: ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய் ஏ4, டி5, எஃப்6, ஜி6. கறுப்புக்கு ரெண்டு சிப்பாய் கூடுதல், ஆனால் பிஷப்புகள் எதிரெதிர் நிறக் கட்டத்தில் ஓடுகிறவை, அதனால் டிரா வாசனை அடிக்கிறது. அங்கே 47-ஆவது நகர்த்தலில் ஷிரோவ் பிஷப்பை எச்3-இல் கொண்டுபோய், சிப்பாயின் வாயிலேயே வைத்தார். ஆறு நகர்த்தல் கழித்து டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை ராத்திரி என் பழைய மடிக்கணினியில் ஸ்டாக்ஃபிஷ் என்கிற எஞ்சினைப் போட்டுப் பார்த்தேன். ராஜாவை நகர்த்து, பிஷப்பை இ4-இல் வை என்று என்னென்னமோ சொன்னது, எச்3 மட்டும் வரவில்லை. சாப்பிட எழுந்து போகும்வரை வரவில்லை. சந்தோஷமாகத் தூங்கினேன்.

மறுநாள் மாஷிடம் பந்தயம். எஞ்சின் ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்தால் நான் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கித் தரணும், இல்லாவிட்டால் அவர். பிள்ளைகளுக்கு முதலில் ஆட்டம் புரியட்டும் என்று அதே புரோகிராமில் முழு ஆட்டத்தையும் கடைசிவரை ஓட்டிக் காட்டினேன், எஞ்சின் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒவ்வொரு நகர்த்தலாகப் பின்னால் வந்து 47-இல் நிறுத்தி, “இப்போ பாருங்க” என்றேன். ரெண்டே நொடி. பிஷப் எச்3. மாஷ் சிரித்த சிரிப்பு தெருமுனைக் கள்ளுக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

பதினாலு பழம்பொரி போனது போகட்டும். ஒரே மடிக்கணினி, ஒரே எஞ்சின், ஒரே நிலை. சனிக்கிழமை ஒரு பதில், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பதில். இது எப்படி? ஒழுங்காகச் சோதிக்க வேறு வழி உண்டா, வேறு எந்த ஆட்டங்களை எடுக்கலாம்?

---

நகரி_நிரலர் எழுதியது:

அண்ணா, பந்தயத்தில் நீங்கள் தோற்கவில்லை, கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்திருக்கிறீர்கள்.

எஞ்சினுக்கு ஹாஷ் டேபிள் என்று ஒரு குறிப்பேடு உண்டு. பார்த்த ஒவ்வொரு நிலைக்கும் ‘இதை இவ்வளவு ஆழம் பார்த்தேன், மதிப்பு இவ்வளவு, நல்ல நகர்த்தல் இது’ என்று அதில் எழுதி வைத்துக்கொள்ளும். வேறு வரிசையில் போய் அதே நிலை மறுபடி வந்தால் கணக்குப் போடாமல் குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லிவிடும். நல்ல வசதிதான். ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள்? 50-ஆவது நகர்த்தலில் கறுப்பு டி4 தள்ளிய நிலையையும் தாண்டி எஞ்சினை ஓடவிட்டீர்கள். அங்கே நின்று பார்த்தால் கறுப்பு ஜெயிக்கிறது என்று அதற்கே நன்றாகத் தெரியும், அதை எழுதி வைத்துக்கொண்டது. அப்புறம் 49, 48, 47 என்று நீங்கள் ஒவ்வொரு படியாகப் பின்னால் இறங்க இறங்க, அந்தப் பதிலை அதுவும் கையில் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தது. 47-இல் நிறுத்தியபோது எச்3-க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது ஏற்கெனவே குறிப்பேட்டில் இருந்தது. ரெண்டு நொடி எடுத்ததே அதிகம்.

நானும் இதில் மாட்டியவன்தான். எங்கள் அலுவலகத்தில் ஒருத்தரிடம் வீம்பு பேசி, ஒரு இணையதளத்தில் இதே நிலையைப் போட்டேன். பலகை வந்து நிற்கும் முன்பே எச்3. அப்புறம்தான் பார்த்தேன், மூலையில் சின்னதாக ஒரு மேகக் குறி. அதாவது இதற்கு முன்னால் யாரோ பெரிய கணினியில் மணிக்கணக்காக ஓட்டிய பதிலை எடுத்துக் காட்டுகிறது, என் போன் ஒன்றுமே யோசிக்கவில்லை. புகழ்பெற்ற நிலை எதுவானாலும் இணையத்தில் சோதிக்காதீர்கள், யாராவது உங்களுக்கு முன்னால் போட்டிருப்பார்கள்.

சுத்தமாகச் செய்ய வேண்டுமானால் ஆட்டத்தை ஓட்டாமல், அந்த ஒரு நிலையை மட்டும் நேரடியாக அமையுங்கள். ஹாஷை அழித்துவிடுங்கள், சந்தேகமாக இருந்தால் புரோகிராமை மூடித் திறங்கள். திரெட் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் கணக்கு) எண்ணிக்கையை 1 என்று வையுங்கள். இது முக்கியம், ஏனென்றால் நாலு திரெட் ஓடினால் எது முந்திக்கொண்டு குறிப்பேட்டில் எழுதுகிறது என்பது ஒவ்வொரு தடவையும் மாறும், அதனால் ஒரு தடவை ஒரு நிமிடம், அடுத்த தடவை அஞ்சு நிமிடம் என்று வரும், நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஒரே திரெட், காலி ஹாஷ் என்றால் பத்துத் தடவை ஓட்டினாலும் பார்த்த நிலைகளின் எண்ணிக்கை கடைசி இலக்கம்வரை ஒன்றாகவே இருக்கும். டேபிள்பேஸ் என்கிற ஆட்ட முடிவுப் பட்டியலை இணைத்திருந்தால் கழற்றிவிடுங்கள். 7 காய்வரை எல்லா முடிவும் அதில் இருக்கிறது, உங்கள் நிலையில் 10 காய், மூன்று வெட்டு நடந்தால் உள்ளே போய்விடும். அப்புறம் ஒரே நேரத்தில் நாலைந்து நகர்த்தல்களை வரிசைப்படுத்திக் காட்டும் வசதி இருக்கிறதே, அதையும் அணையுங்கள். அது இருந்தால், மேலோட்டமாகப் பார்த்து ஒதுக்க வேண்டிய நகர்த்தலையும் முழுசாகப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும்.

இந்த நகர்த்தல் ஏன் கஷ்டம் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எஞ்சின் எல்லா நகர்த்தலையும் ஒரே ஆழத்துக்குப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்த்தால் விடிந்துவிடும். நல்லதாகத் தோன்றுவதை முன்னால் வைத்து ஆழமாகப் பார்க்கும், வரிசையில் பின்னால் நிற்பதை ஆழம் குறைத்துப் பார்க்கும், அதிலும் ஒன்றும் தேறவில்லை என்றால் விட்டுவிடும். காயைச் சும்மா சிப்பாய் வாயில் வைக்கிற நகர்த்தலுக்கு வரிசையில் எந்த இடம் கிடைக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அதோடு இது செக்கும் இல்லை, வெட்டும் இல்லை. பலன் தெரிய ரொம்பத் தள்ளிப் போகணும்.

உள்ளே இருக்கிற யோசனை என்னவோ ரொம்ப எளிது. கறுப்பு ராஜா எஃப்5 வழியாக இ4-க்குப் போகணும். வழியில் நிற்பது தன் பிஷப்பேதான். சாதாரணமாக அதை நகர்த்தினால் வெள்ளை ராஜா எஃப்2, இ3 என்று வந்து கதவைச் சாத்திவிடும். எச்3-இல் வைத்தால் ஜி2 சிப்பாய்க்கு மிரட்டல், வெள்ளைக்கு அந்த ஒரு நகர்த்தல் கிடைக்காது. ஒரு படி முந்துவதற்கு ஒரு முழு பிஷப் விலை. வெள்ளை அந்த பிஷப்பை வெட்டினால் கறுப்பு ராஜா எஃப்5, வெள்ளை ராஜா எஃப்2, கறுப்பு ராஜா இ4. முடிந்தது. அந்த ஏ சிப்பாயையும் டி சிப்பாயையும் ஒற்றை பிஷப்பால் பிடிக்க முடியாது.

---

செங்கோட்டை_தபால் எழுதியது:

தம்பி, நகரிக்காரர் சொன்ன இயந்திர விஷயம் எல்லாம் சரி. எனக்கு வேறு ஒரு சங்கடம். எதைக் கொடுத்துச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறீர்களே, அங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

நான் அஞ்சலட்டையில் செஸ் ஆடியவன். ஒரு நகர்த்தலுக்கு ஒரு அட்டை, ஒரு ஆட்டம் முடிய இரண்டு வருஷம் மூன்று வருஷம். அட்டையைப் பெட்டியில் போட்ட பிறகு இன்னும் நல்ல நகர்த்தல் ஞாபகத்துக்கு வந்து தபால்காரரைத் துரத்திக்கொண்டு ஓடியதுகூட உண்டு (அவர் திருப்பித் தரவில்லை, சட்டம் பேசினார்). அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், உலகமே கைதட்டிய பலி எல்லாம் சரியான பலி கிடையாது.

1960 உலகப் பட்டப் போட்டி, ஆறாவது ஆட்டம். போட்வின்னிக்குக்கு எதிராகக் கறுப்புக் காயில் தால். 21-ஆவது நகர்த்தலில் குதிரையை எஃப்4-இல் தூக்கிப் போட்டார். அரங்கில் கூச்சல் அடங்காமல் ஆட்டத்தையே உள்ளறைக்கு மாற்றினார்கள். அந்த நிலையை உங்கள் எஞ்சினில் போட்டுப் பாருங்கள், முதல் இடத்தில் அந்தக் குதிரை வராது. உடனே ‘எஞ்சினுக்குத் தால் புரியவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். 25-ஆவது நகர்த்தலில் போட்வின்னிக் பிஷப்பால் எஃப்3 சிப்பாயை வெட்டியிருந்தால் வெள்ளைக்குத்தான் நல்ல ஆட்டம். அவர் யானையால் ராணியை வெட்டினார், தோற்றார். குதிரையைப் போட்டது பலகையைப் பார்த்து அல்ல, எதிரே உட்கார்ந்திருந்த மனிதரையும் கடிகாரத்தையும் பார்த்து. எஞ்சினுக்கு எதிரே ஆளே கிடையாதே!

காஸ்பரோவ் 1999 விக் ஆன் ஸீயில் டோபலோவுக்கு எதிராக 24-இல் யானையால் டி4-ஐ வெட்டினாரே, அதுவும் இதே ஜாதிதான். டோபலோவ் அந்த யானையைத் தொடாமல் ராஜாவை பி6-இல் வைத்திருந்தால் காஸ்பரோவுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. அவர் தொட்டார். உடனே இன்னொரு யானை இ7-இல் செக். கறுப்பு ராஜாவைத் தன் வீட்டிலிருந்து ஏ4, ஏ3 என்று இழுத்து, கடைசியில் வெள்ளையின் டி1 கட்டம்வரை நடக்க வைத்தார்கள். போதாததற்கு, வேட்டைக்கு நடுவில் 28-ஆவது நகர்த்தலில் யானையை நேரே ஏ7-இல் வைத்திருந்தால் இன்னும் சுருக்கமாக முடிந்திருக்கும் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அதனால் ஆட்டத்தின் அழகு குறையவில்லை. ஆனால் 24-ஐப் பரீட்சைக் கேள்வியாக வைப்பது தப்பு. வைப்பதானால் டோபலோவ் வெட்டிய பிறகு, 25-ஆவது நகர்த்தலைக் கேளுங்கள். அங்கே விடை ஒன்றுதான்.

இந்தச் சோதனை புதுசும் இல்லை. பியர் நோலோ என்கிற பிரெஞ்சுக்காரர் 1990-களில், மனிதர்கள் ஆடிய பலி நிலைகளில் 11-ஐப் பொறுக்கி அன்றைய புரோகிராம்களுக்குச் சவால் விட்டார். முதல் கேள்வி 1990-இல் லியோனில் காஸ்பரோவ் கார்ப்போவுக்கு எதிராக 26-ஆவது நகர்த்தலில் குதிரையால் எச்6-ஐ வெட்டியது. அன்றைய இயந்திரங்கள் அதில் மூச்சுத் திணறின. இன்றைக்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கிற போனே சொல்லிவிடும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, ஆச்சரியம் மட்டும் இருக்கிறது.

---

களியக்காவிளை_கட்டன் எழுதியது:

பதினாலு பழம்பொரிக்குக் கட்டன் சாயா உண்டா இல்லையா, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

எங்கள் பக்கத்திலும் இதே தேர், யானைத் தகராறுதான். நான் ஒருத்தரோடு ஆடும்போது “ஆனயெ எடுத்தோ” என்றார், சரி என்று யானையை எடுத்தேன், அவர் காட்டியது பிஷப்பை. மேட் ஆகிவிட்டேன்.

ஒரு நிஜமான சந்தேகம். இந்த எஞ்சின்களுக்குப் பழைய ஆட்டம் எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்காதா? 2013-இல் அரோனியனை நம்ம ஆனந்த் கறுப்பில் அடித்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன், 15-இல் பிஷப் சி5, 16-இல் குதிரை இ5, ரெண்டுமே பட்பட்டென்று வந்தன. மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறதோ என்று தோன்றியது.

---

நகரி_நிரலர் எழுதியது:

மனப்பாடம் இல்லை. ஓப்பனிங் புத்தகம் என்று, ஆட்டத் தொடக்க நகர்த்தல்களைத் தொகுத்த ஒரு கோப்பைத் தனியாக இணைத்தால்தான் பழைய ஆட்டம் உள்ளே வரும், வெறும் ஸ்டாக்ஃபிஷில் அது கிடையாது. 2020-இல் வந்த 12-ஆவது பதிப்பிலிருந்து நிலையை மதிப்பிட ஒரு நியூரல் நெட்வொர்க் இருக்கிறது, ஆனால் அது எஞ்சின்கள் தங்களுக்குள் ஆடிக் குவித்த நிலைகளில் பழகியது, ஆனந்த் ஆட்டத்தைப் பார்த்து அல்ல. முன்பெல்லாம் குதிரைக்கு இவ்வளவு, யானைக்கு இவ்வளவு என்று மனிதர்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த கணக்கு. அந்தக் கணக்கில் காய் போனால் போனதுதான். இப்போது காய் குறைந்தாலும் எதிர் ராஜா திணறுகிறது என்று நெட்வொர்க்குக்கு ஒரு மோப்பம் இருக்கிறது. 2017 கடைசியில் கூகுளின் ஆல்ஃபாஜீரோ என்கிற எஞ்சின் வந்து சிப்பாயையும் காயையும் அள்ளி வீசி ஸ்டாக்ஃபிஷ் 8-ஐ 100 ஆட்டத்தில் 28 ஜெயித்து, மீதி 72-ஐ டிரா செய்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்களே, அதன் தொடர்ச்சிதான் லீலா என்கிற எஞ்சின்.

உண்மையிலேயே ஒப்பித்த பலி வேண்டுமா? 1997-இல் ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணினி கடைசி ஆட்டத்தில் காஸ்பரோவுக்கு எதிராக 8-ஆவது நகர்த்தலில் குதிரையால் இ6-ஐ வெட்டியது. அது இயந்திரம் யோசித்தது இல்லை, மனிதர்கள் போட்டு வைத்த ஓப்பனிங் புத்தகத்திலிருந்து வந்தது.

ஆனந்த் ஆட்டத்தில் வேறு ஒரு வேடிக்கை. அந்தத் தயாரிப்பே 2012-இல் கெல்ஃபாண்டோடு ஆடிய உலகப் பட்டப் போட்டிக்காக வீட்டில் செய்து வைத்தது. இந்தக் காலத்தில் வீட்டுத் தயாரிப்பு என்றால் பக்கத்தில் எஞ்சின் இல்லாமல் இருக்குமா? அதைக் கொண்டுபோய் மறுபடி எஞ்சினிடமே பரீட்சை வைத்தால் யார் யாரைச் சோதிக்கிறார்கள் என்றே தெரியாது. அதைவிட மெஷின் வாசனையே இல்லாத பழைய ஆட்டமாக எடுங்கள்.

---

வேலந்தாவளம்_குதிரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கட்டன் சாயாவும் நான்தான் வாங்கினேன், அதைச் சொல்ல மனசு வரவில்லை.

சொன்ன மாதிரியே இந்த வாரம் செய்தேன். ஒரு திரெட், காலி ஹாஷ், நிலையை மட்டும் நேரடியாக அமைத்தேன், ஒவ்வொன்றுக்கும் நடுவில் புரோகிராமை மூடித் திறந்தேன். பிள்ளைகளில் ஒருவன் போனில் ஸ்டாப்வாட்ச், இன்னொருத்தி கரும்பலகையில் கணக்கு. மாஷ் நடுவர், ஒவ்வொரு தடவையும் “ஹாஷ் கிளியர் ஆயோ?” என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினார்.

முதலில் எட்வர்ட் லாஸ்கர் தாமஸுக்கு எதிராக ஆடியது, 1912 லண்டன். ராணியால் எச்7 சிப்பாயை வெட்டி, கறுப்பு ராஜாவை ஜி1 வரைக்கும் இழுத்துவந்து, கடைசியில் வெள்ளை ராஜா டி2-க்கு நகர்ந்ததாலேயே மேட் ஆகுமே, அது. ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவதற்குள் வந்துவிட்டது. எல்லாமே செக், வேறு வழியே இல்லாத பாதை, அதனால் அதற்கு அது சோதனையே இல்லை. அடுத்து 13 வயது ஃபிஷர் 1956-இல் நியூயார்க்கில் பைர்னுக்கு எதிராக, ராணி போனால் போகட்டும் என்று 17-இல் பிஷப்பை இ6-இல் வைத்தது. அதுவும் உடனே. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். “இது என்ன சார், எல்லாத்தையும் சொல்லுது” என்று ஒருவன் சலித்துக்கொண்டான். கார்ப்போவுக்கு எதிரான அந்த எச்6 குதிரையும் வந்துவிட்டது, கொஞ்சம் முன்பின் மனசை மாற்றிக்கொண்டு அப்புறம் நிலைத்தது.

செங்கோட்டை ஐயா சொன்ன தால் குதிரை வரவில்லை. ரொம்ப நேரம் ஓடவிட்டும் முதல் இடத்துக்கு வரவில்லை. உடனே வகுப்பு முழுக்க “தால் ஜெயிச்சாரு, மெஷின் தோத்துச்சு” என்று குதிக்க ஆரம்பித்தார்கள். ஆட்டத்தை ஓட்டி 25-ஆவது நகர்த்தலில் நிறுத்தி, இங்கே வெள்ளை எதை வெட்டணும் என்று கேட்டேன். பதினாலு பேரில் பன்னிரண்டு பேர் ராணியைத்தான் வெட்டினார்கள். யார் விடுவார்கள், கண் முன்னால் ராணி நிற்கிறது. எஃப்3 சிப்பாயை வெட்டணும் என்று சொன்ன ரெண்டு பேரில் ஒருத்தி போன மாதம் மந்திரி தகராறில் ராணியைக் கொடுத்த அதே பெண். ஏன் என்று கேட்டால், “ராணியைச் சும்மா வெச்சிருக்கான்னா ஏதோ இருக்கு சார்” என்கிறாள்.

கடைசியாக ஷிரோவ். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருக்கிறது, திரையில் என்னென்னமோ மாறுகிறது, எச்3 வரவில்லை. மாஷின் முகம் மெதுவாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது ஒரு தனி சுகம். பந்தய நேரமான ஒரு நிமிடம் தாண்டிவிட்டது. வகுப்பே “பழம்பொரி, பழம்பொரி” என்று மேசையைத் தட்டுகிறது. மாஷ் கீழே கடைக்குச் சொல்லிவிட்டு ஏறி வந்தபோது எச்3 மேலே வந்திருந்தது, மதிப்பும் படிப்படியாகக் கறுப்பு பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. ஆக, இது கண்டுபிடிக்கிறதா என்றால் கண்டுபிடிக்கிறது, ஆனால் எண்ணெய்ச் சட்டி காய்கிற நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒரு குறிப்புக்காக மூடித் திறந்து மறுபடி ஓட்டினோம், நகரிக்காரர் சொன்ன மாதிரியே பார்த்த நிலைகளின் எண்ணிக்கை இலக்கம் பிசகாமல் அதே. ஸ்டாப்வாட்ச் மட்டும் கொஞ்சம் முன்பின், அது பையன் கை.

எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. அதே பெண், “சார், அவர் வெட்டாட்டி?” என்றாள். நான் எப்போதும் வெட்டுவதைத்தான் காட்டியிருக்கிறேன், வெட்டாவிட்டால் என்ன என்று நானே பலகையில் வைத்துப் பார்த்ததில்லை. மடிக்கணினியை மூடச் சொல்லிவிட்டு நிஜப் பலகையைச் சுற்றி உட்கார்ந்தோம். வெள்ளை ராஜா எஃப்2. கறுப்பு ராஜா எஃப்5. வெள்ளை ராஜா எஃப்3 வந்து இ4-ஐ மறிக்கிறது. இங்கே எல்லோரும் நின்றுவிட்டோம், மாஷும் மோவாயைத் தடவுகிறார். பத்து நிமிடம் இருக்கும். அப்புறம் ஒரு பொடியன், ஒன்பது வயசு, எப்போதும் எதையாவது வெட்டிக்கொண்டே இருக்கிறவன், பிஷப்பை எடுத்து ஜி2 சிப்பாயை டொக்கென்று வெட்டிச் செக் என்றான். வெள்ளை ராஜா அதை எடுக்கணும், எடுத்தால் எஃப்3-ஐ விட்டுப் போய்விடும், கறுப்பு ராஜா இ4. அதே கதைதான், பிஷப் போகிற இடம்தான் வேறு. மாஷ் அவன் தலையில் கை வைத்து, “ஆன போயாலும் வழி கிட்டி” என்றார்.

பழம்பொரி வந்தது. பதினாறு, இந்தத் தடவை எங்களையும் சேர்த்து. மாஷ் அடுத்த வாரத்துக்கு 1907 ரூபின்ஸ்டைன் ஆட்டத்தைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார், கறுப்பு ரெண்டு யானையையும் (அவருக்குத் தேர்) அள்ளிக் கொடுப்பது. எஞ்சின் ஒரு நொடியில் சொல்லிவிடும் என்று நான் சொல்லிவிட்டேன், அவர் கேட்கவில்லை, பந்தயம் கட்டியே ஆகணுமாம்.

---

செங்கோட்டை_தபால் எழுதியது:

ரோட்லெவி, ரூபின்ஸ்டைன், லோட்ஸ், 1907. தம்பி, அதில் பந்தயம் கட்ட விடுங்கள், பழம்பொரி உங்களுக்குத்தான். ஆனால் பிள்ளைகளிடம் 22-ஆவது நகர்த்தலைக் கேட்டுவிட்டு அதோடு நிறுத்தாதீர்கள், 23-இல் யானை டி2-க்குப் போவதையும் கேளுங்கள். அந்த ஒன்பது வயசுப் பொடியனிடம் முதலில் கேளுங்கள்.